மாணவர்களே நடத்தும் சட்ட ஆய்விதழ்: உள்ளே வேலை எப்படி நடக்கிறது?

கேட்டவர்: தென்பொருநை

வணக்கம். மருத்துவத்திலோ இயற்பியலிலோ ஒரு கட்டுரை வந்தால், அந்தத் துறையில் ஊறியவர்கள் இரண்டு மூன்று பேர் படித்துப் பார்த்த பிறகுதான் அச்சுக்குப் போகும். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் கதை வேறு. ஹார்வர்டு லா ரிவ்யூ, யேல் லா ஜர்னல் இரண்டிலும் ஆசிரியர் குழு முழுக்க மாணவர்கள். முப்பது வருடம் அரசியல் சாசனம் நடத்திய பேராசிரியரின் கட்டுரையை, அந்தப் பாடத்தைப் போன வருடம் முடித்த ஒருவர் ஏற்கிறார், தள்ளுகிறார், வரிவரியாகத் திருத்துகிறார்.

இது எப்படித் தொடங்கியது? கட்டுரை வந்த நாளிலிருந்து அச்சாகும் நாள்வரை யார் என்ன செய்கிறார்கள்? அடிக்குறிப்பு சரிபார்ப்பதை மட்டும் ஏன் அவ்வளவு பெரிய காரியமாகப் பேசுகிறார்கள்? எங்கள் கல்லூரியில் மாணவர் இதழ் தொடங்கும் பேச்சு ஓடுகிறது. எல்லாரும் "ஹார்வர்டு மாதிரி" என்கிறார்கள். அந்த மாதிரி என்னவென்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

பதில்: பழைய_ஏடு

முதலில் ஒரு திருத்தம். மாணவர் இதழ் ஹார்வர்டில் பிறந்தது என்று பலரும் எழுதுகிறார்கள், அது சரியில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி சட்டக் கல்லூரி மாணவர்கள் 1875இல் ஒன்று ஆரம்பித்தார்கள். ஒரு கல்வியாண்டைத் தாண்டவில்லை. 1885இல் கொலம்பியா ஜூரிஸ்ட் வந்தது, அதுவும் சீக்கிரமே நின்றது. 1887 ஏப்ரல் 15இல் முதல் இதழ் கண்ட ஹார்வர்டு லா ரிவ்யூதான் தாக்குப்பிடித்தது.

தாக்குப்பிடித்த காரணம் உங்களுக்கு உபயோகப்படும் என்பதால் சொல்கிறேன். முதலாவது பணம். அதற்கு முந்தைய வருடம்தான் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் உருவாகியிருந்தது. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான லூயிஸ் பிராண்டைஸ் அப்போது பாஸ்டனில் இளம் வழக்கறிஞர், அவர் நிதி திரட்ட உதவினார். இரண்டாவது, ஆசிரியர்களின் பேனா. பேராசிரியர் ஜேம்ஸ் பார் ஏம்ஸ் எழுதியதுதான் முதல் தொகுதியின் முதல் பக்கத்தில் தொடங்கும் கட்டுரை. மாணவர்கள் நடத்தினார்கள், ஆசிரியர்கள் எழுதினார்கள், பழைய மாணவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இரண்டாம் வருடத்தில் இதழ் படுத்துவிடும்.

மாணவர் கையில் ஏன் போயிற்று என்பதற்கு அந்தக் காலத்துப் பாடமுறையையும் பார்க்க வேண்டும். 1870இல் டீன் ஆன லாங்டெல் பாடநூலை ஒதுக்கிவிட்டு, மேல்முறையீட்டுத் தீர்ப்புகளையே வகுப்பில் வாசிக்க வைத்தார். தீர்ப்பைப் பிரித்துப் பார்த்துப் பழகிய மாணவனுக்குப் புதிய தீர்ப்பைப் பற்றிக் குறிப்பு எழுதுவது கைவந்த வேலை. வழக்கறிஞர்களுக்கு வேண்டியதும் அதுதான். ஆசிரியர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவில் இருந்த கல்லூரியில் இதழைத் திருத்த வேறு யார் இருந்தார்கள்?

பிறகு மற்றவர்கள் தொடர்ந்தார்கள்: யேல் 1891, கொலம்பியா லா ரிவ்யூ 1901, மிச்சிகன் 1902. பென்சில்வேனியாவின் கதை கொஞ்சம் வேறு. 1852இல் வழக்கறிஞர்கள் தொடங்கிய அமெரிக்கன் லா ரெஜிஸ்டர் 1896இல் அங்குள்ள மாணவர் கைக்கு மாறியது. இங்கிலாந்து இந்தப் பாதையில் போகவே இல்லை. 1885இல் பிறந்த லா குவார்ட்டர்லி ரிவ்யூவை நடத்தியது பிரெடரிக் பொல்லாக் என்ற பேராசிரியர். நம் ஊரில் 1891இல் மயிலாப்பூரில் வழக்கறிஞர்கள் சேர்ந்து ஆரம்பித்த மெட்ராஸ் லா ஜர்னலிலும் மாணவர்களுக்கு இடமில்லை. ஆகவே மாணவர் கையில் இதழ் என்பது உலக வழக்கம் இல்லை, அமெரிக்கப் பழக்கம்.

அந்தப் பழக்கத்தை லேசாக எடைபோடவும் கூடாது. வழக்கறிஞர் சாமுவேல் வாரனும் பிராண்டைஸும் எழுதிய தனியுரிமைக் கட்டுரை 1890 டிசம்பரில் வெளியானபோது அந்த இதழுக்கு நாலு வயது கூட ஆகவில்லை. 2017இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று சொன்னபோது அந்தக் கட்டுரையையும் எடுத்துப் பேசியது.

பதில்: மூன்றாம்_ப்ரூஃப்

வரலாறு வந்துவிட்டது, நான் நடைமுறைக்கு வருகிறேன்.

அமெரிக்கச் சட்டப் படிப்பு மூன்று ஆண்டு, வேறு பட்டம் ஒன்று முடித்தவர்கள்தான் சேர முடியும். முதலாண்டு முடிந்ததும் எழுத்துப் போட்டி. ஹார்வர்டில் அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம். ஒரு பகுதியில் வேண்டுமென்றே பிழை விதைத்த கட்டுரையைத் திருத்த வேண்டும். இன்னொரு பகுதியில், கொடுத்த ஆவணங்களை மட்டும் வைத்து ஒரு தீர்ப்பைப் பற்றி எழுத வேண்டும், வெளியே தேடக்கூடாது. முற்காலத்தில் மதிப்பெண் மட்டும்தான் அளவுகோல். இப்போது சிலர் போட்டியால் மட்டும், சிலர் மதிப்பெண்ணும் போட்டியும் சேர்ந்து, சிலர் முழு விண்ணப்பத்தையும் பார்த்து எடுக்கப்படுகிறார்கள். ஆண்டுக்கு ஐம்பதுக்குச் சற்று மேல். இரண்டாமாண்டுக்காரர்கள் சரிபார்ப்பு வேலையைச் சுமக்கிறார்கள், மூன்றாமாண்டுக்காரர்கள் கட்டுரைகளைப் பொறுப்பேற்று நடத்துகிறார்கள். தலைமை ஆசிரியரை ஹார்வர்டில் பிரசிடென்ட் என்பார்கள். 1990 பிப்ரவரியில் பராக் ஒபாமா தேர்வானது அந்தப் பதவிக்குத்தான், கறுப்பினத்தவரில் முதல் ஆளாக.

புதிய குழு பொறுப்பேற்பது ஆண்டின் தொடக்கத்தில். கட்டுரைகள் வந்து குவியும் காலம் அதனால்தான் பிப்ரவரி, மார்ச். ஆகஸ்டில் இரண்டாவது அலை. நடுவில் அனுப்பினால் கட்டுரை நன்றாக இருந்தும் இடம் காலியாக இருக்காது.

விஞ்ஞான இதழ்களில் ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பினால் குற்றம். இங்கே ஐம்பது இடத்துக்கு அனுப்பலாம், தப்பில்லை. நடுத்தர இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டு சில நாள் கெடு கொடுக்கும். கட்டுரையாளர் உடனே அதைக் காட்டி, "இங்கே ஒத்துக்கொண்டார்கள், நீங்கள் சீக்கிரம் பாருங்கள்" என்று மேலே உள்ள இதழ்களுக்கு எழுதுவார். இதற்குப் பெயர் எக்ஸ்பிடைட். மேலே உள்ளவர் ஏற்றால் கீழே உள்ளவரின் உழைப்பு வீண். பெண் பார்க்கப் போன இடத்தில் கெடு வைத்துவிட்டு வேறு இடத்தில் ஜாதகம் காட்டுவது போலத்தான். கீழ்நிலை இதழ்கள் இதனாலேயே ஒரு மணி நேரக் கெடுவெல்லாம் வைத்துப் பார்த்தன.

வந்த கட்டுரையை முதலில் ஒருவர் படிப்பார். தேறினால் இன்னும் இருவர். பெயரை மறைத்துக் கொடுக்கும் இதழ்களும் உண்டு, ஹார்வர்டு அப்படித்தான். அடுத்து, எல்லாரும் சலித்துக்கொள்ளும் ஆனால் தவிர்க்கவே கூடாத ஒரு படி: இந்த வாதத்தை ஏற்கனவே யாராவது சொல்லிவிட்டார்களா என்ற தேடல். வெஸ்ட்லா, லெக்சிஸ், ஹைன்ஆன்லைன் என்ற சட்டத் தரவுத்தளங்கள், அச்சுக்கு முந்தைய பிரதிகளைப் போடும் எஸ்.எஸ்.ஆர்.என். தளம், நான்கிலும் தேடி, நெருக்கமான நாலைந்து கட்டுரைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் இது எங்கே விலகுகிறது என்று ஓரிரு வரி எழுத வேண்டும். பாடம் தெரியாத மாணவர் ஏமாறுவது இங்கேதான். வேறு சொற்களில் பத்து வருடம் முன்பே வந்த வாதம் தேடலில் சிக்காது. அதனால்தான் கடைசிக் கட்டத்தில் அந்தத் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் கருத்துக் கேட்பது நல்லது. பிறகு குழு கூடி வாக்கெடுப்பு.

ஏற்ற பிறகு வரிசை இது: அமைப்பையும் வாதத்தையும் பற்றிய பெரிய திருத்தம், கட்டுரையாளர் பதில், மேற்கோள் சரிபார்ப்பு, மறுபடி கட்டுரையாளர், வரித் திருத்தம், பக்க ப்ரூஃப். பக்க ப்ரூஃபில் யாரும் பத்தி சேர்க்கக் கூடாது. ஒரு பத்தி நுழைந்தால் பின்னால் உள்ள எல்லாப் பக்கமும் நகரும், அதோடு உள்குறிப்பு எண்கள் எல்லாம் பொய்யாகும்.

ஹார்வர்டு ஆண்டுக்கு எட்டு இதழ், நவம்பர் முதல் ஜூன் வரை. நவம்பர் இதழ் முழுக்க அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முந்தைய பருவத்துக்கு. தீர்ப்புகள் வந்து முடிவதே ஜூன் கடைசி. அதனால் கோடை விடுமுறையிலேயே எழுதித் திருத்த வேண்டிய இதழ் அது. மாணவர் எழுதும் பகுதிகளில் அங்கே பெயர் போடுவதில்லை, பல கை பட்ட எழுத்து என்பதால்.

தென்பொருநை

இரண்டு பேருக்கும் நன்றி. எக்ஸ்பிடைட் கதை புதிது. அடிக்குறிப்பு பற்றியும் யாராவது சொல்லுங்களேன். அதை எங்கள் குழுவில் "கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள்.

பதில்: அடிக்குறிப்புக்காரி

கடைசியில் பார்த்தால் இதழே வராதுங்க.

கணக்குப் போடுங்கள். 25,000 சொல் கட்டுரைக்கு 300 அடிக்குறிப்பு சாதாரணம். ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 50. ஒரு குறிப்புக்கு 20 நிமிடம் என்றாலும் ஒருவருக்குப் பதினாறு பதினேழு மணி நேரம். அதுவும் மூலங்கள் கையில் இருந்தால். அதனால் முதல் வேலை மூலம் திரட்டுவது: கட்டுரை சுட்டும் ஒவ்வொரு புத்தகப் பக்கம், தீர்ப்பு, சட்டப்பிரிவு, இணையப்பக்கம் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி, அடிக்குறிப்பு எண்ணையே கோப்புப் பெயரின் தொடக்கமாக வைத்து ஒரே ஃபோல்டரில் போட வேண்டும். 7 என்று வைக்காதீர்கள், 007 என்று வையுங்கள், இல்லாவிட்டால் 10ஆம் கோப்பு 2க்கு முன்னால் போய் நிற்கும். புத்தகமென்றால் தலைப்புப் பக்கமும் பதிப்பு விவரப் பக்கமும் சேர்த்து ஸ்கேன். பதிப்பு மாறினால் பக்க எண் மாறும், வீண் சண்டை வரும்.

சரிபார்ப்பில் இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன, இரண்டையும் குழப்பினால் இரண்டும் கெடும். ஒன்று: இந்த மூலம், மேலே உள்ள வாக்கியத்தைத் தாங்குகிறதா? இரண்டு: குறிப்பின் வடிவம் சரியா? புதியவர்கள் எல்லாரும் இரண்டாவதற்கே ஓடுவார்கள், புள்ளி, சாய்வெழுத்து கண்ணில் படும் என்பதால். முதல் கேள்விதான் இதழின் மானம்.

எடுத்துக்காட்டுக்கு, மேலே சொன்ன தனியுரிமைக் கட்டுரையை 4 ஹார்வ். எல். ரெவ். 193, 195 (1890) என்று சுட்டுவார்கள். 4 தொகுதி, 193 கட்டுரை தொடங்கும் பக்கம், 195 நாம் சொல்லும் விஷயம் இருக்கும் பக்கம். "தனித்து விடப்படும் உரிமை" என்ற சொற்றொடருக்காக இதைச் சுட்டினால், 195ஆம் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் இன்னொன்றும் தெரியும்: அந்தச் சொற்றொடர் அவர்களுடையதே இல்லை, நீதிபதி தாமஸ் கூலியிடமிருந்து எடுத்ததாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கட்டுரையாளர் "வாரனும் பிராண்டைஸும் உருவாக்கிய சொற்றொடர்" என்று எழுதியிருந்தால் பக்க எண் சரி, வாக்கியம் தப்பு. வடிவத்தை மட்டும் பார்த்தவர் இதைத் தாண்டிப் போய்விடுவார்.

அடிக்கடி விழும் குழிகள்:

எஸ்.எஸ்.ஆர்.என். டிராஃப்டின் பக்க எண்ணை அச்சுப் பிரதியின் பக்க எண்ணாகப் போடுவது. டிராஃப்டில் 14 என்றால் அச்சில் 1,273ஆக இருக்கலாம்.

மறுப்புத் தீர்ப்பிலிருந்து (பெரும்பான்மைக்கு மாறாக ஒரு நீதிபதி எழுதுவது) எடுத்துவிட்டு நீதிமன்றமே சொன்னதாக எழுதுவது. மறுப்பு என்றால் அதையும் நீதிபதி பெயரையும் அடைப்புக்குள் சொல்லியாக வேண்டும்.

மேற்கோளுக்குள் மேற்கோள். கட்டுரையாளர் மூலத்தைப் படிக்காமல், அதை மேற்கோள் காட்டிய இன்னொரு கட்டுரையிலிருந்து எடுத்திருப்பார். அந்த இரண்டாம் ஆள் ஒரு காற்புள்ளியை விழுங்கியிருந்தால் அந்தப் பிழை அப்படியே கைமாறும். மூலத்துக்கே போங்கள்.

தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை. இல்லினாயில் பிராங்க் ஷெப்பர்டு 1873இல் இதற்காகவே ஒட்டுத்தாள் வியாபாரம் ஆரம்பித்தார், அதனால்தான் அமெரிக்காவில் இதை இன்றும் ஷெப்பர்டைஸ் செய்வது என்கிறார்கள். இப்போது லெக்சிஸிலோ வெஸ்ட்லாவிலோ ஒரு சொடுக்கு. ஆனால் தீர்ப்பு கவிழ்ந்திருக்கலாம் என்று எச்சரிக்கும் சிவப்புக் கொடி கண்டதும் குறிப்பை வெட்டிவிடாதீர்கள். வேறொரு பிரச்சினையில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்திருக்கலாம்.

இணைய முகவரி. ஹார்வர்டு லா ரிவ்யூவிலும் வேறு சில சட்ட இதழ்களிலும் இருந்த முகவரிகளில் 70 சதவீதத்துக்கு மேல், முதலில் சுட்டிய விஷயத்துக்குப் போகவில்லை என்று ஓர் ஆய்வு கண்டது. அதே காலத்தில், 2013இல், ஹார்வர்டு சட்ட நூலகம் பெர்மா.சிசி என்ற சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. மூலம் திரட்டும் நாளிலேயே சேமித்துவிடுங்கள், ப்ரூஃப் நாளில் பக்கம் போயிருக்கும்.

"ஐபிட்", "மேலே குறிப்பு 23" வகையறா. அமெரிக்கர்கள் "இட்." என்பார்கள், முந்தைய குறிப்பில் உள்ள அதே மூலம் என்று பொருள். முந்தைய குறிப்பில் ஒரே மூலம் இருந்தால்தான் அது செல்லும். நடுவில் யாராவது புதுக் குறிப்பு செருகினால் "இட்." வேறொருவரைச் சுட்டும். கணினி எச்சரிக்காது. திருத்தம் நடக்கும் காலம் முழுக்க எல்லாக் குறிப்பையும் முழு வடிவில் வைத்திருந்து, எண்ணிக்கை உறைந்த பிறகு ஒரே ஆள் ஒரே மூச்சில் சுருக்குவதே பாதுகாப்பு. "மேலே குறிப்பு" எண்களை வேர்டின் கிராஸ் ரெஃபரன்ஸ் வழியாகச் செருகுங்கள், கையால் தட்டாதீர்கள். ப்ரூஃபுக்கு முன் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தி எண்களைப் புதுப்பியுங்கள். அடிக்குறிப்புப் பகுதிக்குள் கர்சரை வைத்து இன்னொரு தடவை, ஏனென்றால் உடல்பகுதியைத் தேர்ந்தெடுத்தால் அடிக்குறிப்பு சேராது.

இப்போது புதிதாக ஒன்று: இல்லவே இல்லாத வழக்கு. 2023இல் நியூயார்க்கில் மாடா எதிர் ஏவியங்கா வழக்கில் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மனுவில் போட்ட வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. "மூலத்தின் பிடிஎஃப் ஃபோல்டரில் இல்லையென்றால் குறிப்பு இல்லை" என்று விதி வைத்தால் இந்தப் பேய் நுழையாது.

பதில்: எதிர்_மனு

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் சரிபார்ப்பைக் கொண்டாடும்போது அதன் பக்கவிளைவையும் சொல்ல வேண்டும். சூரியன் கிழக்கே உதிக்கும் என்று எழுதினாலும் ஆதாரம் கேட்கும் மாணவர் குழுவால்தான் கட்டுரைகள் வீங்கின. யேல் பேராசிரியர் பிரெட் ரோடெல் 1936லேயே சட்ட இதழ்களின் நடையையும் சரக்கையும் சேர்த்துச் சாடிவிட்டார். அதுவும் வெளிவந்தது ஒரு மாணவர் இதழில்தான்! 2005 வாக்கில் முன்னணி இதழ்கள் சேர்ந்து கட்டுரை நீளத்தைக் குறைக்க வேண்டும் என்று அறிவித்தன. அடிக்குறிப்பு உட்பட 25,000 சொல்லுக்குள் அடங்கும் கட்டுரைக்கே முன்னுரிமை என்று ஹார்வர்டு சொன்னது.

வடிவ விதிநூலும் அதே நோய். கொலம்பியா, ஹார்வர்டு, பென்சில்வேனியா, யேல் நான்கின் மாணவர்களும் வைத்திருக்கும் ப்ளூபுக், 1926இல் வந்தபோது 26 பக்கம். 2010 பதிப்பில் ஐந்நூறைத் தாண்டியது. விற்பனை வருமானம் நல்ல வருமானம் என்பதும் அது அப்படி வீங்கியதற்கு ஒரு காரணமாக இருக்கலாம், இது என் சந்தேகம்தான்.

மாணவரின் பலம் சரிபார்ப்பு, பலவீனம் தேர்வு. கடினமான வரிச்சட்டக் கட்டுரையை எடைபோட அவர்களால் முடியாது, அரசியல் சாசனக் கட்டுரைக்கே கை போகும். இதழ் தொடங்குகிறவர்கள் தேர்வுக்கு மட்டுமாவது வெளியே ஒருவரை வையுங்கள்.

பதில்: மூன்றாம்_ப்ரூஃப்

எதிர்_மனு சொன்னதில் பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். வெளியே ஒருவரிடம் கருத்து வாங்குங்கள், வாக்கை அவரிடம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அவர் பதில் அனுப்பும்வரை இதழ் நிற்கும்.

தென்பொருநைக்கு: இந்தியாவில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியிலும், கொல்கத்தாவின் என்.யு.ஜே.எஸ். கல்லூரியிலும் மாணவர்களே நடத்தும் இதழ்கள் வருகின்றன, என்.யு.ஜே.எஸ். லா ரிவ்யூ 2008 முதல். நம்முடையது ஐந்தாண்டுப் படிப்பு, பள்ளி முடித்து நேராக வருகிறவர்கள். அதனால் முதல் இரண்டு ஆண்டுக்காரர்களை மூலம் திரட்டுவதற்கு மட்டும் எடுங்கள். ஐந்தாமாண்டுக்காரரைத் தலைமை ஆசிரியர் ஆக்காதீர்கள். வேலை தேடும் பருவத்தில் கைவிட்டுப் போவார். நான்காமாண்டு சரி, ஐந்தில் அவர் ஆலோசகர்.

முதல் ஆண்டில் ஒரே இதழ், ஐந்து கட்டுரை, ஒவ்வொன்றும் 8,000 சொல்லுக்குள். எட்டு பேர் சரிபார்த்தால் கட்டுரைக்குப் பத்து நாளில் முடியும். இதழை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.எஸ்.என். எண் டெல்லியில் உள்ள தேசிய மையத்தில் இலவசம். அச்சுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று, இரண்டும் தனித்தனி. காசு கேட்டு வாங்கித்தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். கட்டுரையாளரிடமும் காசு வாங்காதீர்கள். வாங்கும் இதழுக்கு நல்லவர் யாரும் எழுதமாட்டார்.

நம் தீர்ப்புகளில் தனிக் குழி ஒன்று உண்டு. புட்டசாமி தீர்ப்பை (2017) 10 எஸ்.சி.சி. 1 என்று, அதாவது எஸ்.சி.சி. என்ற தீர்ப்புத் தொகுப்பின் வழியாகச் சுட்டிவிட்டு, பத்தி எண்ணை நீதிமன்ற இணையதளத்தின் பிடிஎஃபிலிருந்து எடுப்பார்கள். அங்கே ஒவ்வொரு நீதிபதியின் தீர்ப்பும் தனி எண்ணிக்கையில் ஓடும், எஸ்.சி.சி.யில் எண் தொடர்ச்சியாகப் போகும். ஒன்றை எடுத்தால் அதிலேயே நில்லுங்கள். எதை எடுப்பது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். ப்ளூபுக் அளவுக்குப் பெரிய விதிநூல் வேண்டாம், உங்கள் இதழுக்கு நாலு பக்க விதித்தாள் போதும்.

தென்பொருநை

007 கோப்புப் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாலு பக்க விதித்தாள் தயாரானதும் இங்கேயே போடுகிறேன், அடித்துத் திருத்துங்கள்.